சார்ஜரைக் கழற்றியதும் லேப்டாப் மந்தமாகிறதா? செய்யக்கூடாத தவறுகள்

முதல் தவறு நான் செய்ததுதான். நண்பர் ஒருவரின் லேப்டாப் சார்ஜர் இருந்தால் நன்றாக ஓடும், கழற்றினால் தவழும். வைரஸ்தான் என்று முடிவுகட்டி ஃபார்மேட் செய்து கொடுத்தேன். அன்று இரவே மறுபடி போன் வந்தது. கடைசியில் பார்த்தால், அவருடைய கம்பெனியின் செட்டிங் ஒன்று பேட்டரியில் ஓடும்போது பிராசசர் 50 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று பிடித்துவைத்திருந்தது. ஃபார்மேட் முடிந்து ஆபீஸ் கணக்கில் லாகின் செய்ததும் அதுவும் கூடவே திரும்பி வந்துவிட்டது.

அதனால் எதையும் அழிப்பதற்கு முன்னால் அளந்து பாருங்கள். டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் சிபியூவை, அதாவது பிராசசரை, தேர்ந்தெடுத்தால் கீழே ஸ்பீட் என்று ஒரு எண் ஓடிக்கொண்டிருக்கும். பெரிய ஃபைல் ஒன்றை ஜிப் செய்யவிட்டு, பாதியில் சார்ஜரைக் கழற்றுங்கள். 3.5 கிகாஹெர்ட்ஸில் இருந்தது 2.5க்கு இறங்கினால் அது பெரும்பாலும் இயல்பு. 1க்கும் கீழே போய் அங்கேயே நின்றால் ஏதோ ஒன்று கட்டிப்போடுகிறது. சும்மா இருக்கும்போது இந்த எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வேலை இல்லையென்றால் தானாகவே இறங்கும்.

இறங்குவது ஏன் இயல்பு? கணக்கு எளிது. 50 வாட்-ஹவர் பேட்டரியிலிருந்து 100 வாட் இழுத்தால் அரை மணி நேரத்தில் காலி. அதோடு, அவ்வளவு மின்சாரத்தை ஒரே மூச்சில் கொடுப்பது பேட்டரிக்கே ஆகாது. அதனால் தயாரிப்பாளரே வரம்பு வைத்துவிடுகிறார். கேமிங் லேப்டாப்புகளின் சார்ஜர் 200 வாட்டைத் தாண்டும். பேட்டரியோ எவ்வளவு பெரியதானாலும் 100 வாட்-ஹவரைத் தாண்டுவது அபூர்வம், விமானத்தில் எடுத்துப்போக அதுதான் வழக்கமான வரம்பு. பேட்டரியில் கேம் ஆடிவிட்டு கிராபிக்ஸ் கார்டைத் திட்டுவது வீண். ஆப்பிள் சிப் உள்ள மேக்புக்குகளில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. அந்த சிப் குடிப்பதே குறைவு.

எரிச்சலில் விண்டோஸின் பவர் செட்டிங்கைப் பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸில் வைத்துவிட்டு மறந்துவிடுவது அடுத்த தவறு. வேகம் கொஞ்சம் கூடும், பேட்டரி சீக்கிரம் தீரும், சூடும் ஏறும். பேலன்ஸ்டு போதும், கனமான வேலை வரும்போது மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். அப்புறம், சார்ஜ் குறைந்ததும் பேட்டரியை மிச்சம் பிடிக்கும் எனர்ஜி சேவர் தானாக விழித்துக்கொள்ளும். ‘20 சதவீதம் வந்தாலே தொங்குது’ என்று புலம்புகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். சூடு குறைய மேக்சிமம் பிராசசர் ஸ்டேட்டை (பிராசசர் எவ்வளவு தூரம் போகலாம் என்ற வரம்பு) 99 சதவீதமாக வைக்கச் சொல்லும் வீடியோக்கள் நிறைய உண்டு. பல லேப்டாப்புகளில் அந்த 1 சதவீதக் குறைப்பிலேயே டர்போ வேகம் (கனமான வேலையில் பிராசசர் எடுக்கும் கூடுதல் வேகம்) மொத்தமும் நின்றுபோகும். எப்போதோ வைத்துவிட்டு மறந்திருந்தால் மறுபடி 100 ஆக்குங்கள்.

வேகம் கூட்டித் தருகிறேன் என்று வரும் பூஸ்டர் ஆப்கள் பக்கமே போகாதீர்கள். பின்னணியில் ஓடி, இருக்கிற பேட்டரியையும் அவைதான் தின்னும்.

பலரும் கவனிக்காதது பேட்டரியின் வயது. தேய்ந்த பேட்டரியில் உள்தடை கூடிவிடும், அழுத்தி இழுத்தால் வோல்டேஜ் சட்டென்று சரியும். சில லேப்டாப்புகள் அதைச் சமாளிக்கப் பிராசசரை அடக்கும், சில 30 சதவீதம் காட்டிக்கொண்டே அணைந்துவிடும். விண்டோஸின் பேட்டரி ரிப்போர்ட்டில் டிசைன் கெபாசிட்டி (புதிதில் இருந்த கொள்ளளவு), ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி (இப்போது பிடிக்கும் கொள்ளளவு) என்று இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது 50,000, இரண்டாவது 27,000 என்றால் செட்டிங்கை நோண்டிப் பயனில்லை, பேட்டரியை மாற்ற வேண்டியதுதான். டச்பேட் மேலே எழும்பி நின்றால் பேட்டரி உப்பியிருக்கலாம். அப்போது வேகத்தைப் பற்றிய பேச்சே வேண்டாம். அணைத்துவிட்டு, சார்ஜ் போடாமல் சர்வீஸுக்குக் கொண்டுபோங்கள்.

சார்ஜர் செருகியும் மந்தமாகவே இருக்கிறதா? சார்ஜர் மேல் அச்சிட்டிருக்கும் வாட் அளவைப் படியுங்கள். 65 வாட் கேட்கும் லேப்டாப்பில் போனுடைய 20 வாட் சார்ஜரைச் செருகினால் சில சமயம் சார்ஜ் ஏறுவதாகத்தான் காட்டும், ஆனால் வேகம் பேட்டரியில் ஓடுகிற மாதிரியே இருக்கும்.