தாழ்வாரத் தொட்டிக்கு எலும்புத் தூளும் ரத்தத் தூளும்: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

ஆட்டு ரத்தப் பொரியல் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் சிங்கப்பூர் தேக்கா சந்தையில் எவ்வளவு தேடினாலும் ரத்தம் கிடைக்காது. ரத்தத்தில் கிருமி வெகு வேகமாகப் பெருகும், அறுக்கும் இடத்தில் சுத்தமாகப் பிடிக்காவிட்டால் இன்னும் மோசம் என்பதால், உணவுக்காக அதை இறக்குமதி செய்யவோ விற்கவோ சிங்கப்பூர் உணவு அமைப்பு அனுமதிப்பதில்லை. ஆனால் காய்ந்து தூளான ரத்தம் செடி உரமாக நர்சரியில் கிடைக்கும். எலும்புத் தூளை நாமே வீட்டில் செய்துகொள்ளலாம்.

முதலில் எந்தச் செடிக்கு எது என்று பாருங்கள். ரத்தத் தூளில் சுமார் 12 முதல் 13 சதவீதம் தழைச்சத்து (நைட்ரஜன்) இருக்கிறது. அதனால் கறிவேப்பிலை, கீரை, புதினா மாதிரி இலைக்காக வளர்ப்பவற்றுக்கு அது. எலும்புத் தூளில் மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சுண்ணாம்புச்சத்தும்தான் அதிகம். கறிவேப்பிலை வளரவில்லை என்று எலும்புத் தூளை அள்ளி அள்ளிப் போடுகிறவர்களைப் பார்க்கிறேன், அது வீண்வேலை. மணிச்சத்து மிஞ்சினால் இரும்பு, துத்தநாகச் சத்துகளைச் செடி எடுப்பது குறைந்து, இலை இன்னும் மஞ்சளாகலாம்.

சரி, எலும்புத் தூள் செய்வோம். கோழி எலும்பில் தொடங்குங்கள், சுலபமாக நொறுங்கும். கொஞ்சம் கைப்பழக்கம் வந்தபின் கறிக்கடை அண்ணனிடம் சூப் எலும்பு கேட்டு வாங்கிக்கொள்ளலாம், அல்லது ஆட்டுக்கால் சூப் வைத்து முடித்ததையே எடுத்துக்கொள்ளலாம். ஒட்டியிருக்கும் சதையைச் சுரண்டி, உள்ளே இருக்கும் மஜ்ஜையையும் குத்தி எடுத்துவிடுங்கள், பின்னால் வாடை வருவதே அந்தக் கொழுப்பினால்தான். உப்பு போடாத தண்ணீரில் குக்கரில் நன்றாக வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, இன்னொரு முறை புதுத் தண்ணீரில் வேகவையுங்கள். சூப்பில் போட்ட உப்பு தொட்டிக்குள் போகக்கூடாது.

அடுத்து காயவைப்பது. இந்த ஊர் ஈரக்காற்றில் வெயிலை நம்பாதீர்கள், அதற்குமுன் மைனாவும் காக்கையும் வந்துவிடும். ஓவனில் 120 டிகிரி செல்சியஸில் வையுங்கள், கையால் ஒடித்தால் மொடமொடவென்று ஒடியும்வரை. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். ஆறியதும் கெட்டித் துணிப்பையில் போட்டுச் சுத்தியலால் தட்டுங்கள் (பகலில்! கீழ்வீட்டுக்காரர்களும் மனிதர்கள்தான்), சிறு துண்டுகளானதும் பழைய மிக்ஸியில் அரைத்துச் சலித்துவிடலாம். ஆட்டெலும்பை முழுசாக மிக்ஸியில் போட்டால் பிளேடு போய்விடும். அரைக்கும்போது முகக்கவசம் போடுங்கள். காற்றுப்புகாத டப்பாவில் அடைத்து, மேலே பெரிதாக எழுதி ஒட்டுங்கள், பார்க்க அரிசி மாவு மாதிரியே இருக்கும்.

போடும் அளவு: 25 செண்டிமீட்டர் தொட்டி என்றால் செடியை மாற்றி நடும்போது ஒரு மேசைக்கரண்டி, வேர் படும் ஆழத்தில் மண்ணோடு கலந்து. மேலே தூவினால் அங்கேயே கிடக்கும், ஏனென்றால் மணிச்சத்து மண்ணில் அவ்வளவாக நகராது. இன்னொன்று, எலும்புத் தூள் கரைய மண் கொஞ்சம் அமிலமாக இருக்க வேண்டும், பிஎச் 7-க்குக் கீழே. முட்டை ஓட்டையும் நிறையப் போட்டு மண்ணைக் காரமாக்கிவிட்டு எலும்புத் தூளும் போட்டால் பயன் இல்லை. மிளகாய், கத்தரி, மல்லிகைக்கு ஒரு முறை போட்டால் பல மாதம் வரும்.

ரத்தத் தூள் வேறு ரகம், வேகமாக வேலை செய்யும். அதே தொட்டிக்கு ஒரு தேக்கரண்டி போதும், மேல்மண்ணைக் கிளறிக் கலந்து, அதன்மேல் இரண்டு விரல் மண்ணை மூடித் தண்ணீர் விடுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு முறைக்கு மேல் வேண்டாம். இலை நுனி கருகினால் அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். மேல்மண்ணை எடுத்துவிட்டு, அடியில் வடியும்படி நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். நாற்றுகளுக்குப் போடவே வேண்டாம்.

மூடாமல் விட்டால் எலியும் பூனையும் வந்து தொட்டியைத் தோண்டும். அடித்தட்டில் தண்ணீர் தேங்கவிடாதீர்கள், டெங்கி கொசுவுக்கு அது போதும். தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் நடைபாதையும் விட வேண்டும். சாமிக்குப் பறிக்கும் துளசிக்கும் மல்லிகைக்கும் இதெல்லாம் வேண்டாம் என்று வீட்டில் பெரியவர்கள் சொன்னால் வாதாடாதீர்கள், கடலைப் பிண்ணாக்கிலும் தழைச்சத்து உண்டு, ரத்தத் தூளைவிடக் குறைவு என்பதால் கொஞ்சம் கூடுதலாகப் போட்டுக்கொள்ளலாம். அதற்கும் மேலே மண் மூட வேண்டும், எலிக்கு அதுவும் பிடிக்கும்.