தோள்மூட்டில் லேப்ரம் கிழிந்தால்: சிகிச்சையும் மீண்டு வரும் வழியும்

கபடியில் பிடிக்கும் அணியினர் கைகோத்து நிற்கையில், பாடி வந்தவர் அந்தச் சங்கிலியை உடைத்துக்கொண்டு பாய்ந்தால், பிடித்திருந்தவரின் கை வெளிப்புறமாகவும் பின்புறமாகவும் முறுக்கப்படுகிறது. அந்த நொடியில் தோள் நழுவித் தானாகவே உள்ளே போய்விடுவதும் உண்டு. எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை என்று தெரிந்ததும், வலி சற்று அடங்கிய உடனே களமிறங்கிவிடுகிறார்கள் நம் இளைஞர்கள் பலர். ஆனால் எக்ஸ்ரேயில் தெரியாத லேப்ரம் என்னும் குருத்தெலும்பு வளையம் கிழிந்திருந்தால், அடுத்த முறை தோள் நழுவுவதற்கு அவ்வளவு பெரிய இழுப்புகூடத் தேவைப்படாது.

மேற்கை எலும்பின் உருண்டைத் தலை பெரிது. அது பொருந்தும் தோள்பட்டை எலும்பின் குழியோ ஆழமற்றது. அந்தக் குழியின் விளிம்பைச் சுற்றியுள்ள நார்க்குருத்தெலும்பு வளையமே லேப்ரம். குழியின் ஆழத்தைக் கூட்டுவதோடு, மூட்டைப் பிடித்துவைக்கும் தசைநார்களுக்கும் அதுதான் பற்றுதளம். தோள் முன்பக்கமாக நழுவும்போது வளையத்தின் முன்-கீழ்ப்பகுதி எலும்பிலிருந்து பெயர்ந்துவிடுகிறது. பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் ஆர்தர் பேங்கார்ட் 1923-இல் இதை விவரித்ததால் பேங்கார்ட் கிழிவு என்றே அழைக்கப்படுகிறது. மேற்கையின் முன்புறத் தசையான பைசெப்ஸின் தசைநாண் வந்து சேரும் மேற்பகுதி கிழிந்தால் அது ஸ்லாப் கிழிவு. பந்தை ஓங்கி எறிபவர்களுக்கும், கையை ஊன்றி விழுபவர்களுக்கும் இது ஏற்படுகிறது.

மூட்டின் ஆழத்தில் வலி, கையைச் சுழற்றும்போது ‘டக்’ என்ற சத்தம், பந்தெறிவதுபோல் கையை உயர்த்தினால் தோள் கழன்றுவிடுமோ என்ற அச்சம் ஆகியவை முக்கியமான அறிகுறிகள். மருத்துவர் கையை அசைத்துப் பார்த்த பிறகு, தேவைப்பட்டால் மூட்டுக்குள் மருந்து செலுத்தி எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வார், கிழிவு அதில் தெளிவாகத் தெரியும். இருப்பினும், நாற்பது வயதைக் கடந்த பலருக்கு எந்த வலியும் இல்லாமலே லேப்ரம் தேய்ந்து கிழிந்திருக்கும் என்பதால், அறிக்கையில் ‘கிழிவு’ என்ற சொல்லைப் பார்த்ததும் அறுவை சிகிச்சைக்கு அவசரப்பட வேண்டாம். அந்த வயதில், குறிப்பாகச் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு, கை இறுகி உயர்த்த முடியாமல் போனால், அது தோள் இறுக்க நோயாக இருக்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

தோள் நழுவிய நிலையிலேயே இருந்தால், மைதானத்தில் யாரும் கையை இழுத்துப் பொருத்த முயலக் கூடாது. நரம்பும் இரத்தக்குழாயும் மூட்டை ஒட்டியே செல்வதால், கையை உடலோடு சேர்த்துத் துணியால் தொட்டில் கட்டி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதே பாதுகாப்பானது.

ஸ்லாப் கிழிவு உள்ள பலருக்குச் சுமார் மூன்று மாத பிசியோதெரபி போதுமானதாக இருக்கிறது. தோள்பட்டை எலும்பைத் தாங்கும் தசைகளும் மூட்டைச் சூழ்ந்த சிறு தசைகளும் வலுப்பெற்றால், லேப்ரத்தின் சுமை குறைகிறது. இருபதை ஒட்டிய வயதில் தோள் நழுவிய விளையாட்டு வீரரின் நிலை வேறு: அவருக்கு மீண்டும் நழுவும் வாய்ப்பு மிக அதிகம். ஒவ்வொரு நழுவலும் குழியின் எலும்பையே தேய்க்கக்கூடும் என்பதால், சிறு துளை வழியே கேமராவைச் செலுத்திச் செய்யும் ஆர்த்ரோஸ்கோப்பி மூலம் லேப்ரத்தை எலும்போடு தைப்பதைப் பற்றித் தாமதிக்காமல் கலந்து பேசுவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

அறுவை சிகிச்சைக்குப் பின் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரங்கள் கை ஸ்லிங் எனப்படும் தாங்குபட்டையில் இருக்கும். விரல், மணிக்கட்டு, முழங்கை ஆகியவற்றை மருத்துவர் அனுமதித்தபடி அசைத்து வர வேண்டும். சட்டை அணியும்போது அறுவை செய்த கையை முதலில் நுழைக்க வேண்டும். கழற்றும்போது அதைக் கடைசியாக எடுக்க வேண்டும். அக்குளைக் கழுவக் கையைத் தூக்காமல், இடுப்பை வளைத்து முன்னே குனிந்தால் கை தானாகத் தொங்கி இடைவெளி கிடைக்கும். மல்லாந்து படுக்கையில் முழங்கைக்கு அடியில் ஒரு தலையணை வைத்தால் தோள் பின்னுக்குச் சரியாது. பேங்கார்ட் தையலுக்குப் பின் கையை வெளிப்புறமாகத் திருப்புவதையும், ஸ்லாப் தையலுக்குப் பின் முழங்கையை மடக்கி எடை தூக்குவதையும் மருத்துவர் சொல்லும் காலம் வரை தவிர்க்க வேண்டும்.

ஸ்லிங்கை எடுத்த பிறகு பிறர் உதவியோடும், பின்னர் தானாகவும் கையை உயர்த்தும் பயிற்சி தொடங்கும். இந்தக் கட்டத்தில்தான் பலர் தடம் மாறுகிறார்கள். வலி ஏறக்குறைய போயிருக்கும். ஆனால் இரத்த ஓட்டம் குறைந்த லேப்ரம் எலும்போடு உறுதியாக ஒட்டச் சுமார் மூன்று மாதங்கள் ஆகும். ஆகவே ரப்பர் பட்டையை இழுப்பது போன்ற வலுவூட்டும் பயிற்சிகளைப் பன்னிரண்டாவது வாரத்தை ஒட்டி, பிசியோதெரபிஸ்ட் சொல்லும் அளவில் படிப்படியாகக் கூட்டுவதே முறை.

கபடி போன்ற உடல் மோதும் ஆட்டத்துக்குத் திரும்பக் குறைந்தது ஆறு மாதங்கள் ஆகும். நாட்காட்டி மட்டும் அதைத் தீர்மானிப்பதில்லை. இரு தோள்களின் வலிமையும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். பந்தெறியும் நிலையில் கையை வைத்து மருத்துவர் அழுத்திப் பார்க்கும்போது பழைய அச்சம் எழக் கூடாது. அதன் பிறகும் முதலில் கால்வேலைப் பயிற்சி, பிறகு மெதுவான பிடி, கடைசியாகவே கைகோத்த சங்கிலி என்ற வரிசையில் திரும்ப வேண்டும்.