கோயில் திடலில் ஒளிக்கோலம் விளையாட

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பக்கம் கோயில் திடலில் பிள்ளைகளுக்காக இந்த ஒளிக்கோல விளையாட்டைச் செய்து பார்க்க நினைத்தால், அங்கே குளிர்காலமான ஜூன், ஜூலையில் செய்யுங்கள். மழை குறைவு, மாலை 5 மணிக்கெல்லாம் சூரியன் போய்விடும். டிசம்பரில் 7 மணிவரை காத்திருக்க வேண்டும், அதற்குள் சின்னப் பிள்ளைகள் தூங்கி வழிவார்கள்.

விளையாட்டு எளிது: தரையில் ஒளியால் கோலப்புள்ளிகள் விழும், மிதித்த புள்ளிகளுக்கு நடுவே கோடு ஓடும். 5000 லூமென் (வெளிச்சத்தின் அளவு) புரொஜெக்டர் போதும், ஆனால் படத்தைப் பேராசையோடு விரிக்காதீர்கள், அகலமும் உயரமும் இரட்டித்தால் வெளிச்சம் நாலில் ஒன்றாகிவிடும்.

முக்கியமானது கேமரா, யார் எந்தப் புள்ளியை மிதிக்கிறார்கள் என்று பார்ப்பது அதுதான். சாதாரண கேமரா கோலத்தையே ஆள் என்று எண்ணிக் குழம்பும். அதனால் அகச்சிவப்பு கேமரா வைத்து, கண்ணுக்குத் தெரியாத 850 நானோமீட்டர் அலைநீள அகச்சிவப்பு விளக்கால் திடலை நிரப்புங்கள், கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுக்கும் ஃபில்டரை லென்ஸ் முன் மாட்டுங்கள். அப்போது கேமராவுக்குக் கோலம் தெரியாது, பிள்ளைகள் மட்டும் தெரிவார்கள். எங்களுக்கு முதல் நாள் ஓரத்தில் எரிந்த கற்பூரத் தட்டு ஒரு ஆட்டக்காரராகவே பதிவாகி, யாரும் மிதிக்காத புள்ளிகளெல்லாம் மினுங்கின! தீபம், ஹாலஜன் விளக்கு இரண்டும் அகச்சிவப்பை வீசும், அதனால் அவற்றைக் கேமரா பார்வைக்கு வெளியே வையுங்கள்.

அப்புறம், கேமராப் படத்தை ஆராயும் ஓப்பன்சிவி (OpenCV) மென்பொருளில் தரையின் நாலு மூலையையும் குறித்து, கேமரா பார்ப்பதையும் புரொஜெக்டர் படத்தையும் பொருத்துங்கள். கம்பிகளைக் காலில் மாட்டாதபடி டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். மின்சாரம் போனால் சமாளிக்க ஒரு இன்வெர்ட்டரும் தயாராக இருக்கட்டும்.