ஆஃப்-ரோடு வண்டிக்கு ஜாக்கி: வாங்கும்போதே நடக்கும் தவறுகள்

தார், ஜிம்னி, கூர்க்கா என்று வண்டி எடுப்பவர்கள் பலர் முதலில் கை வைப்பது டயரில். அடுத்து, பின்கதவில் மாட்டிக்கொள்ள, கம்பத்தில் படிப்படியாக ஏறி இறங்கும் நீளமான ஒரு ஹை-லிஃப்ட் ஜாக்கி வந்துவிடுகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வேலை விட்டுப்போகிறது: வண்டிக்கு அடியில் குனிந்து டேப் வைத்து அளப்பது. காட்டுப் பாதையில் ஜாக்கி காலை வாரிவிடுவதற்குப் பெரும்பாலும் காரணம், அந்த அளவை எடுக்காததுதான்.

கம்பெனி கொடுத்த ஜாக்கியே போதும் என்று இருந்துவிடுவதைப் பாருங்கள். அது கம்பெனி டயருக்கும் தார் ரோட்டுக்கும் கணக்குப் போட்டுச் செய்தது. விட்டத்தில் 2 இஞ்சு பெரிய டயர் போட்டால் ஆக்ஸில் (சக்கரங்களைத் தாங்கும் அச்சு) 1 இஞ்சு உயரும். கூடவே பாடியை உயர்த்தும் 2 இஞ்சு லிஃப்ட் கிட்டும் போட்டால் சேஸிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) மொத்தம் 3 இஞ்சு மேலே போய்விடும். அதோடு முடியவில்லை. சேஸிஸில் ஜாக்கி கொடுத்துத் தூக்கும்போது ஸ்பிரிங் விரிந்துகொண்டே போகும். பாடி எழும், சக்கரம் தரையை விட்டுக் கிளம்பாது. சஸ்பென்ஷன் முழுக்கத் தொங்கிய பிறகுதான் டயர் எழும். அதற்குள் ஜாக்கியின் உயரம் தீர்ந்துவிடும். அடியில் கல்லை அடுக்கிச் சமாளிக்கப் பார்ப்பார்கள். வண்டி சரிவது அங்கேதான்.

இதற்கு நேரான வழி ஆக்ஸிலிலேயே தூக்குவது. ஜிம்னிக்கு முன்னும் பின்னும், இரண்டு சக்கரங்களையும் ஒன்றாக இணைக்கும் முழு ஆக்ஸில் என்பதால் அது சுலபம். 2020-க்குப் பின் வந்த தாரில் பின்பக்கம் மட்டும்தான் முழு ஆக்ஸில். முன்பக்கம் தனித்தனி சஸ்பென்ஷன். அதனால் முன்பக்கம் எங்கே ஜாக்கி வைக்கலாம் என்பதை வண்டியின் கையேட்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள். பின்பக்கமானாலும் நடுவில் உருண்டையாக இருக்கும் டிஃபரன்ஷியல் என்ற கியர் பெட்டிக்கு அடியில் வைக்கக் கூடாது. சக்கரத்தை ஒட்டிய குழாய்ப் பகுதிதான் சரியான இடம். பிரேக் லைன் அதன் மேல் ஓடுகிறதா என்று தடவிப் பார்த்துவிட்டு வையுங்கள்.

அளக்கும்போது காற்றுள்ள டயரோடு அளப்பது அடுத்த தவறு. பஞ்சரான சக்கரத்தில் ஆக்ஸில் சில இஞ்சு கீழே இறங்கியிருக்கும். பள்ளத்தில் நின்றால் இன்னும் கீழே. ஒரு டயரின் காற்றை முழுக்க இறக்கிவிட்டு, தரையிலிருந்து ஆக்ஸில் வரை அளந்துகொள்ளுங்கள். மடக்கிய நிலையில் ஜாக்கியின் உயரம் அதைவிடக் குறைவாக இருக்க வேண்டும். நீட்டிய உயரமோ, காற்று நிரம்பிய ஸ்டெப்னியை மாட்டும் அளவுக்கு மேலும் இரண்டு மூன்று இஞ்சாவது கூடுதலாக வேண்டும். இந்த இரண்டு எண்களையும் பேப்பரில் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

கடையில் பெரும்பாலும் பேச்சு டன்னைப் பற்றியே போகும். பத்து டன் பாட்டில் ஜாக்கி (பாட்டில் வடிவில் எண்ணெய் அழுத்தத்தில் எழும் ஜாக்கி) வாங்கினால் கவலையில்லை என்று தோன்றும். டன் கூடக் கூட, மடக்கிய உயரமும் எடையும் சேர்ந்து கூடும். பஞ்சரான வண்டிக்கு அடியில் அது நுழையாமலே போகலாம். ஒரு சக்கரத்தைத் தூக்கும்போது வண்டியின் முழு எடையும் ஜாக்கி மேல் வருவதில்லை. இந்த ரக வண்டிகளில் சக்கரம் மாற்ற நல்ல தரமான 2 அல்லது 3 டன் ஜாக்கியே தாராளம்.

ஹை-லிஃப்ட் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 48 இஞ்சு ஜாக்கி கிட்டத்தட்ட 13 கிலோ. அதன் நாக்கைக் கொடுத்துத் தூக்க இரும்பு பம்பரோ, சேஸிஸோடு இணைந்த ராக் ஸ்லைடரோ (கதவுக்குக் கீழே ஓடும் இரும்புக் குழாய்) வேண்டும். பிளாஸ்டிக் பம்பரோடு இருக்கும் வண்டியில் அதை எங்கே கொடுப்பது? கதவுக்குக் கீழே உள்ள தகரத்தில் கொடுத்தால் தகரம் மடங்கும். சக்கரத்தையே கொக்கி போட்டுத் தூக்கும் இணைப்பு ஒன்று உண்டு. சேற்றில் புதைந்த சக்கரத்தைத் தூக்கி அடியில் கல் அடைக்க அது அருமை; ஆனால் அந்தச் சக்கரத்தைக் கழற்றி மாட்ட அது உதவாது.

ஏற்றுவதை விட இறக்குவதில்தான் ஹை-லிஃப்ட்டின் ஆபத்து இருக்கிறது. இறக்கும் நிலையில் வண்டியின் பாரம் கைப்பிடியை மேல்நோக்கித் தள்ளும். பிடி நழுவினால் கைப்பிடி தாடையில் வந்து அடிக்கும். தாடை உடைந்தவர்கள் உண்டு. எனவே கைப்பிடிக்கும் கம்பத்துக்கும் நடுவில் தலையைக் கொண்டுபோகாதீர்கள். ஏற்றும் நிலையிலிருந்து இறக்கும் நிலைக்கு மாற்றும் முன் கைப்பிடியைக் கம்பத்தோடு ஒட்டி நிமிர்த்தி வையுங்கள். ஜாக்கி மேல் போதிய பாரம் இல்லாவிட்டால் அது படிப்படியாக இறங்காமல் சடாரென்று கீழே விழும், விரலை நடுவில் வைத்துவிடாதீர்கள். எந்த ஜாக்கியானாலும் அதை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் நுழைய வேண்டாம். கழற்றிய சக்கரத்தைச் சேஸிஸுக்கு அடியில் படுக்கப்போடுங்கள்.

ஜாக்கியோடு அடித்தட்டு வாங்காமல் விடுவதும் அதிகம் நடக்கிறது. மணலிலும் சேற்றிலும் வண்டி எழுவதற்குப் பதில் ஜாக்கி இறங்கும். ஒரு அடிக்கு ஒரு அடி கனமான பிளைவுட் துண்டு இருந்தால்கூட நிலைமை மாறும். கடற்கரை மணலிலேயே அதிகம் ஓட்டுபவர்களுக்குப் புகைக்குழாய்க் காற்றில் நிரம்பும் பை ஜாக்கி பொருத்தம். கூரான பாறையும் சுடும் சைலன்சரும் அதற்கு ஆகாது. சக்கரங்களுக்குக் கொடுக்க இரண்டு கட்டைகளும் சாமானோடு சேர்ந்தே இருக்கட்டும். வண்டியின் பின்பக்கம் முழுதும் எழும்பினால் ஹேண்ட்பிரேக் பிடிக்கும் சக்கரங்கள் அந்தரத்தில் நிற்கும்; கட்டை இல்லாவிட்டால் வண்டி உருண்டுவிடும்.

பாட்டில் ஜாக்கியை வண்டியில் நிமிர்த்தி வைத்துக் கட்டுங்கள். சாய்ந்து கிடந்தால் எண்ணெய் கசியலாம், உள்ளே காற்றும் புகும். வெளியே மாட்டிய ஹை-லிஃப்ட்டில் மழையும் புழுதியும் சேர்ந்து, கம்பத்தின் துளைகளில் மாட்டும் பின்கள் (ஊசிகள்) இறுகிவிடும். ஒவ்வொரு பயணத்துக்கும் முன்பு அதைத் துடைத்து, எண்ணெய் விட்டு, வீட்டு வாசலிலேயே ஒரு சக்கரத்தைத் தூக்கி இறக்கிப் பாருங்கள். கைப்பிடி எத்தனை தூரம் சுழல்கிறது, நிற்க எவ்வளவு இடம் வேண்டும் என்பதெல்லாம் அப்போதே தெரிந்துவிடும்.