காலையில் முதல் அடி வைத்ததும் குத்தும் குதிகால் வலி: என் அனுபவம்

ஆறு மாதமாகக் காலையில் கட்டிலிலிருந்து இறங்கி முதல் அடி வைத்ததும் குதிகாலில் ஆணி இறங்குவது போல வலிக்கும், பத்து அடி நடந்தால் குறைந்துவிடும், அதனால் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டேன். எலும்பு மருத்துவர் அழுத்திப் பார்த்துவிட்டு, குதிகாலையும் விரல்களையும் இணைக்கும் பட்டையில் பிரச்சினை, பிளான்டர் ஃபேஸியைட்டிஸ் என்றார்.

எழுவதற்கு முன் படுக்கையிலேயே கால்விரல்களைக் கையால் பிடித்து மேல்நோக்கி இழுத்து 10 எண்ணும்வரை வைப்பேன், 10 முறை. அப்புறம் சுவரில் கை ஊன்றிக் கெண்டைக்காலை நீட்டுவேன். ராத்திரி, ஃப்ரீசரில் உறைய வைத்த தண்ணீர் பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பாதத்துக்கு அடியில் உருட்டுவேன் (சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவர்களுக்கு இது வேண்டாம்).

எல்லாவற்றையும்விட உதவியது, டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு நின்று சமைப்பதை நிறுத்தி, வீட்டுக்குள்ளும் மெத்தென்ற செருப்புப் போட்டதுதான். வலி விட்டது மூன்றாவது மாதம். ரெண்டு வாரத்தில் பலன் இல்லையே என்று தயவுசெய்து நிறுத்திவிடாதீர்கள்.