பிளே பட்டன் யார் கையில்? சேலத்தில் மாணவர்கள் சேர்ந்து மியூசிக் வீடியோ எடுக்க

மாணவர்கள் எடுக்கும் மியூசிக் வீடியோ கேமராவால் கெடுவது குறைவு, பாட்டால் கெடுவதுதான் அதிகம். ஷூட்டிங்கில் ஓடியது ஒரு பாட்டு, எடிட்டிங்கில் வைத்தது இன்னொரு பாட்டு; வாய் ஒரு பக்கம் போக, குரல் ஒரு பக்கம் போகும். ஆகவே லொகேஷன், காஸ்ட்யூம் பேச்சையெல்லாம் ஒரு வாரம் தள்ளி வைத்துவிட்டு முதலில் பாட்டை முடியுங்கள். மிக்ஸிங் முடிந்து, இனி அரை விநாடிகூட நீளாது, சுருங்காது என்று மியூசிக் போட்டவரே சொன்னால்தான் பாட்டு முடிந்ததாகக் கணக்கு.

சினிமாப் பாட்டை எடுக்க வேண்டாம். யூடியூபில் ஏற்றியதும் உரிமைக்காரர் பெயரில் கிளெய்ம் வந்து நிற்கும்; உங்கள் உழைப்பு அவர்கள் கையில். ஒரு வகுப்பில் பாட ஒருவர், கீபோர்டு வாசிக்க ஒருவர் எப்படியும் இருப்பார்கள். எழுதத்தான் ஆள் இல்லையா? பாரதியார் இருக்கிறார். அவர் மறைந்தது 1921-இல், பாடல்களும் நாட்டுடைமை. அவர் வரிக்கு நீங்கள் புது மெட்டுப் போட யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. ஆனால் அதே வரிக்கு இன்னொருவர் போட்ட மெட்டும், அவர் செய்த ரெக்கார்டிங்கும் உங்களுடையதல்ல. நாட்டுப்புறப் பாட்டுக்கும் இதே கணக்குதான்: பாட்டு ஊருடையது, பதிவு பதிவு செய்தவருடையது. எழுதியவர், மெட்டுப் போட்டவர், பாடியவர் மூவரிடமும் ஒரு தாளில் சம்மதம் எழுதி வாங்குங்கள். நட்பு நன்றாக இருக்கும்போதே வாங்கிவிடுவது உத்தமம்.

மெட்டுப் போடுகிறவருக்கு ஒரு கோரிக்கை. நீங்கள் விநாடிக்கு 25 பிரேமில், அதாவது 25 தனிப்படங்களாக, எடுக்கப்போகிறீர்கள் என்றால் பாட்டின் வேகம் நிமிடத்துக்கு 100 பீட் அல்லது 75 பீட் இருக்கட்டும். நூறில் ஒரு பீட்டுக்குச் சரியாக 15 பிரேம். எழுபத்தைந்தில் 20 பிரேம். தொண்ணூறில் வைத்தால் பதினாறே முக்காலுக்குக் கிட்ட வந்து நிற்கும், எடிட்டர் ஒவ்வொரு வெட்டிலும் ஒரு பிரேம் முன்னே பின்னே என்று தவிப்பார். பாட்டு கேட்கும் பாட்டாக இருக்க வேண்டும் என்பதுதான் முதல் கணக்கு. அது தொண்ணூறில்தான் வரும் என்றால் தொண்ணூறிலேயே வரட்டும்.

பிளேபேக் ஆள்

குழுவில் எட்டுப் பேர் போதும்: டைரக்டர், கேமராமேன், அவருக்கு ஒரு அசிஸ்டன்ட், காஸ்ட்யூமும் கன்டினியூட்டியும் (ஷாட்டுக்கு ஷாட் எதுவும் மாறாமல் இருப்பது) பார்க்க ஒருவர், சாப்பாடு, பஸ், அனுமதி பார்க்க ஒருவர், எடிட்டர், நடிப்பவர், கடைசியாக, ஷூட்டிங்கில் பாட்டை ஓடவிடும் பிளேபேக் ஆள். பாதிக் குழுக்களில் இந்தக் கடைசி ஆளே இருப்பதில்லை. சும்மா நிற்கும் யாரோ போனில் பாட்டைத் தட்டிவிடுகிறார்கள். தவறு. டைரக்டருக்கு அடுத்தபடி முக்கியமானவர் இவர்தான். தாளம் தெரிந்தவராகப் பார்த்துப் போடுங்கள்.

எல்லோருமே டைரக்ட் செய்து மார்க் வாங்க வேண்டிய கட்டாயம் இருந்தால் பாட்டைப் பிரித்துக்கொள்ளுங்கள்: பல்லவி ஒருவருக்கு, முதல் சரணம் ஒருவருக்கு, இடையிசை ஒருவருக்கு. கேமராமேனை மட்டும் மாற்றாதீர்கள். ஆள் மாறினால் ஒயிட் பேலன்ஸ் மாறும், பல்லவியில் கோதுமை நிறமாக இருந்த முகம் சரணத்தில் மஞ்சள் பூசிக்கொண்டு வரும்.

பிளேபேக் ஆளின் வேலை ஷூட்டிங்குக்கு முந்தைய நாளே தொடங்குகிறது. மிக்ஸ் செய்தவரிடமிருந்து 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் ஃபைலைப் பென் டிரைவில் வாங்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த எம்பி3 வேண்டாம். எம்பி3 ஆக்கும்போது பாட்டின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு வெற்றிடம் சேரும், அதுவே ஒரு பிரேம் வரை இழுத்துவிடலாம். அந்த வேவ் ஃபைலிலிருந்து பல்லவி, சரணம், இடையிசை என்று தனித்தனித் துண்டுகள் வெட்டி, ஒவ்வொன்றின் முன்னாலும் தாளத்திலேயே நான்கு 'டிக்' சேர்த்து வைக்கவும். நடிப்பவர் அந்த நான்கில் மூச்சு எடுத்துக்கொள்வார். இது இல்லாவிட்டால் ஒவ்வொரு டேக்கிலும் முதல் சொல் விழுங்கப்பட்டிருக்கும்.

புளூடூத் ஸ்பீக்கர் தாராளமாக வைக்கலாம். அதில் ஒலி கொஞ்சம் தாமதமாக வரும்தான், ஆனால் நடிப்பவரும் கேமராவின் மைக்கும் ஒரே ஸ்பீக்கரைக் கேட்பதால் இருவருக்கும் ஒரே தாமதம். சிக்கல் எங்கே வரும் என்றால், நடிப்பவர் காதில் புளூடூத் இயர்பட், கேமராவுக்கு மட்டும் ஸ்பீக்கர் என்று பிரித்து வைத்தால். அதைச் செய்யாதீர்கள்.

தூரமும் ஒரு சிக்கல். ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். மலைச் சரிவில் நடிப்பவரை 34 மீட்டர் தள்ளி நிறுத்தி ஜூம் செய்தால், ஒலி அந்தத் தூரத்தைக் கடக்க விநாடியில் பத்தில் ஒரு பங்கு ஆகும், இரண்டரை பிரேம். ஸ்பீக்கரை நடிப்பவர் காலடியில், ஃபிரேமுக்கு வெளியே வையுங்கள். அவர் சரியாகப் பாடுவார், கேமரா மைக்தான் தாமதமாகக் கேட்கும். எடிட்டிங்கில் அந்த ஷாட்டை மட்டும் 2 அல்லது 3 பிரேம் வலப்பக்கம் நகர்த்தினால் தீர்ந்தது. எத்தனை மீட்டர் என்று ஷாட் தாளில் குறித்திருந்தால் எடிட்டர் வாழ்த்துவார்.

நடிப்பவர் வாயை மட்டும் அசைக்கக் கூடாது. சத்தம் போட்டுப் பாட வேண்டும். பாடும்போது தொண்டை நரம்பு இழுக்கும், நெஞ்சு ஏறி இறங்கும், அது நடிப்பில் வராது. குரல் கர்ணகொடூரமாக இருந்தாலும் பரவாயில்லை, அந்த ஒலி எங்கும் போகப்போவதில்லை.

வரித் தாள்

பாட்டை வரி வரியாக ஒரு தாளில் எழுதி, ஒவ்வொரு வரிக்கும் நேரம், இடம், ஷாட், பொறுப்பாளர் என்று நிரப்புங்கள். உதாரணத்துக்கு "படியேறிப் போகுது மேகம், பஸ்ஸுக்கும் முன்னால போகுது" என்று பல்லவி இருந்தால், தாளில் இப்படி வரும்: 0:12 முதல் 0:19 வரை, காபித் தோட்டப் பாதை, மார்பளவு, நடந்து வருகிறார், லிப் சிங்க் (பாட்டுக்கு உதடு பொருந்துவது) உண்டு, 0:16-க்கு மேல் மேகத்தின் தனி ஷாட், லிப் சிங்க் இல்லை.

3 நிமிடம் 40 விநாடிப் பாட்டு என்றால் 220 விநாடி. வெட்டுக்குச் சராசரி மூன்றரை விநாடி வைத்தால் 63 ஷாட். ஒரு செட்டப்புக்கு, அதாவது கேமராவை ஓரிடத்தில் நிறுத்தித் தயார் செய்து எடுக்க, 20 நிமிடம் ஆகும், எட்டு மணி நேரத்தில் 24 செட்டப். ஒரே செட்டப்பில் மூன்று வரி எடுத்துக்கொள்ளலாம் என்பதால் இரண்டு நாள் போதும்: ஒரு நாள் சேலம் ஊரில், ஒரு நாள் ஏற்காடு மலையில். மூன்றாம் நாள் ஒன்று வேண்டியிருக்கிறது என்றால் தாளில்தான் ஓட்டை. ஏற்காடு ரோட்டில் இன்றைக்கு வளைவு மட்டும் மிஞ்சி நிற்கிற மாடர்ன் தியேட்டர்ஸ், 1930-களில் டி.ஆர்.சுந்தரம் தொடங்கி நூற்றுக்கும் மேற்பட்ட படம் எடுத்த நிறுவனம். திட்டம் போட்டு, குறித்த நாளில் முடிக்கும் கண்டிப்புக்குப் பேர் போனது. பஸ்ஸில் அதைத் தாண்டும்போது வரித் தாளை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

ஊர் நாள்

அம்மாப்பேட்டைப் பக்கம் விசைத்தறிக் கூடம் கண்ணுக்கு அள்ளிக் கொடுக்கும், காதுக்கு ஒன்றும் மிச்சம் வைக்காது. அங்கே ஸ்பீக்கர் எடுபடாது; கேமராவில் பதிவாவது தறிச் சத்தம் மட்டும். லிப் சிங்க் இல்லாத ஷாட்டுகளை அங்கே எடுங்கள். பாடியே ஆக வேண்டும் என்றால் நடிப்பவருக்கு ஒயர் இயர்போனைத் தலைமுடிக்குள் மறைத்துக் கொடுத்து, பாட்டை ஓடும் நேர எண்ணோடு அந்த இயர்போன் மாட்டிய போனின் திரையிலேயே ஓடவிட்டு, டேக் தொடக்கத்தில் அந்தத் திரையை இரண்டு விநாடி கேமராவுக்குக் காட்டுங்கள். எடிட்டர் எண்ணைப் பார்த்துப் பொருத்திக்கொள்வார். எண்ணுக்கு இன்னொரு போன் வைத்து இரண்டையும் ஒரே சமயத்தில் தட்டினால் சரிவராது. ஒயர் இயர்போனும் எண்ணும் ஒரே போனில் இருக்கட்டும்.

டியூப் லைட் உள்ள இடத்தில் ஷட்டர் 1/50 அல்லது 1/100. நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். 1/60-இல் வைத்தால் படத்தில் கறுப்புப் பட்டைகள் ஓடும். மலிவான எல்இடி பல்புகள் சில எந்த ஷட்டரிலும் மினுக்கும், எடுக்கும் முன் பத்து விநாடி பதிவு செய்து பார்த்துவிடுங்கள்.

செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறையில் கொலுசு எடுக்கப் போனால் ஒன்று நினைவிருக்கட்டும். வெள்ளிக்கென்று தனி நிறம் கேமராவில் வராது. அதற்கு எதிரே என்ன இருக்கிறதோ அதுதான் வெள்ளியாகத் தெரியும். உங்கள் சிவப்புச் சட்டை, கேமரா, ஜன்னல் எல்லாம் கொலுசுக்குள் இருக்கும். பிரதிபலிப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டர் மாட்டினாலும் உலோகத்தின் பளபளப்பு போகாது. கொலுசுக்கு ஒரு பக்கம் வெள்ளைத் தெர்மாகோல் அட்டையை ஓர் அடி தூரத்தில் சாய்த்து வையுங்கள். எதிர்ப்பக்கம் கறுப்புச் சார்ட் பேப்பர். வெள்ளை உடலைக் காட்டும், கறுப்பு விளிம்பை வரையும். லென்ஸ் மட்டும் நுழைய அட்டையில் ஒரு ஓட்டை. இந்த ஒரு ஷாட்டுக்கு முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள். பட்டறைக்காரரிடம் டிசைன் தெரியும்படி எடுக்கலாமா என்று முதலில் கேட்பது மரியாதை. அவர் பிழைப்பே அந்த டிசைன்தான்.

ஏப்ரல், மே மதியத்தில் வெளியே எடுக்காதீர்கள். போன் சூடாகித் தானே அணைந்துவிடும், நடிப்பவரும் அப்படியே. பதினொன்றிலிருந்து மூன்றரை வரை உள்ளே எடுப்பதை வைத்துக்கொண்டு, மாலையில் ஒரு தட்டுவடை செட் சாப்பிட்டுவிட்டு வெளியே வாருங்கள். காஸ்ட்யூமோடு சாப்பிட வேண்டாம். அதில் வைக்கும் பீட்ரூட் துருவல் கறை போகாது.

மலை நாள்

இருபது கொண்டை ஊசி வளைவு. வாந்தி வரும் ஆட்களை முன் சீட்டில் உட்கார வைத்து, வெறும் வயிற்றோடோ முழு வயிற்றோடோ ஏற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வளைவில் இறங்கி ஷூட் செய்யும் ஆசை எல்லோருக்கும் வரும். வேண்டாம்; கீழிறங்கும் லாரிக்கு உங்கள் டேக் தெரியாது.

மேலே சுமார் 1,500 மீட்டர் உயரம். ஏசி காரில் வந்து இறங்கியதும் கேமராவை வெளியே எடுத்தால் லென்ஸில் ஆவி படியும். துடைத்தாலும் திரும்பப் படியும். பையை மூடியபடியே 20 நிமிடம் வெளியில் வைத்து, பிறகு திறக்கவும்.

காபித் தோட்டங்கள் பெரும்பாலும் தனியார் சொத்து. வேலி இல்லை என்பதால் வழி இருக்கிறது என்று அர்த்தமில்லை. உரிமையாளரிடம் தேதி, நேரம், ஆட்கள் எண்ணிக்கை குறித்துக் கடிதம் வாங்குங்கள். காப்புக் காடு என்றால் வனத்துறை, பூங்கா என்றால் தோட்டக்கலைத் துறை. கல்லூரிக் கடிதத்தோடு இரண்டு வாரம் முன்பே போய்விடுங்கள். நவம்பரிலிருந்து பழம் பறிப்பு நடக்கும், அப்போது செடிகளுக்கு நடுவே ஆட்கள் இருப்பார்கள். அவர்கள் முகம் வருவதானால் அவர்களையும் கேட்க வேண்டும். காபிப் பூ கோடை மழைக்குப் பிறகு மூன்று நான்கு நாள்தான். அதை நம்பித் தேதி குறித்தால் ஏமாறுவீர்கள். மே மாதக் கோடை விழாக் கூட்டத்தில் போய் மாட்டிக்கொள்ளவும் வேண்டாம்.

பனி மூட்டம்தான் மலையின் பெரிய தலைவலி. பத்து நிமிடத்தில் வரும், பத்து நிமிடத்தில் போகும். ஒரு வரியின் பாதி பனியிலும் பாதி வெயிலிலும் இருந்தால் எந்தக் கலர் கரெக்‌ஷனும் காப்பாற்றாது. ஆகவே மலையில் ஷாட் வாரியாக எடுக்காமல் வரி வாரியாக எடுங்கள்: பனி வந்ததும் ஒரு முழு வரியின் வைட், மிட், குளோஸ் மூன்றையும் ஒரே மூச்சில் முடித்துவிட வேண்டும். அசிஸ்டன்ட் லென்ஸை மாற்றிக்கொண்டு நின்றால் பனி போய்விடும். ஆளை நகர்த்துங்கள், லென்ஸை விட்டுவிடுங்கள். எக்ஸ்போஷரை (கேமராவின் வெளிச்ச அளவை) பூட்டி வையுங்கள், ஆட்டோவில் விட்டால் கேமரா பனியை இருட்டடித்துச் சாம்பலாக்கும். சேர்வராயன் கோயில் பக்கம் மேட்டுவெளியில் காற்று பலம். தெர்மாகோல் பறந்துவிடும், அங்கே வெள்ளை வேட்டியை இரண்டு குச்சியில் கட்டி இரண்டு பேர் பிடித்தால் அதுவே ரிஃப்ளெக்டர்.

ஸ்லோ மோஷனில் உதடு சரியாக அசைய வேண்டுமா? 50 பிரேமில், ஷட்டர் 1/100-இல் எடுங்கள். பாட்டை இரு மடங்கு வேகத்தில் ஓடவிட்டு நடிப்பவர் அதே வேகத்தில் பாட வேண்டும். எடிட்டிங்கில் 25-க்கு இறக்கும்போது உடல் மிதக்கும், உதடு பாட்டோடு போகும். இரட்டை வேகத் துண்டை ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டிங் மென்பொருளில் டெம்போவை மட்டும் நூறு சதவீதம் கூட்டி முன்பே செய்து வையுங்கள். குத்துப் பாட்டுக்கு இது ஆகாது, நாக்கு குழறும்.

எடிட்டிங்

கார்டை அழிக்கும் முன் இரண்டு ஹார்ட் டிஸ்கில் காப்பி. விநாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிவானால் மணிக்கு 45 ஜிபி. 64 ஜிபி கார்டில் ஒன்றேகால் மணி நேரத்துக்குச் சற்று மேல் வரும்.

போனில் எடுத்தவர்களுக்கு: பெரும்பாலான போன்களின் சொந்தக் கேமரா ஆப்பில் பிரேம் எண்ணிக்கை நிலையாக இருக்காது, தொடக்கத்தில் பொருந்திய உதடு முடிவில் விலகும். பிளாக்மேஜிக் கேமரா மாதிரி பிரேமைப் பூட்டும் ஆப்பில் எடுங்கள். எடுத்தாகிவிட்டதா? ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் 'கான்ஸ்டன்ட் பிரேம்ரேட்' போட்டு மாற்றிய பிறகே எடிட்டிங்குக்குக் கொண்டு போங்கள்.

எடிட்டிங் மென்பொருளுக்கு டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பே போதும். மாஸ்டர் வேவ் ஃபைலைக் கீழே வைத்து, டேக்குகளை வேவ்ஃபார்ம் (ஒலியின் அலை வடிவம்) வழியாகப் பொருத்துங்கள். பிறகு கண்ணால் சரிபார்க்க ஒரு வழி: ப, ம இரண்டுக்கும் உதடு மூடியே ஆக வேண்டும். "படியேறிப் போகுது மேகம்" என்ற வரியில் 'ப', 'போ', 'மே' மூன்று இடத்திலும் நிறுத்திப் பிரேம் பிரேமாக நகர்த்துங்கள். உதடு மூடியிருக்கும் பிரேமும் ஒலி வெடிக்கும் இடமும் ஒட்டி வர வேண்டும். உதடே ஒட்டாத நிரோட்டகப் பாட்டை யாராவது எழுதிக் கொடுத்திருந்தால் ஒழிய இந்தச் சோதனை எல்லாப் பாட்டிலும் நடக்கும்.

வெட்டு ஒவ்வொன்றும் பீட்டிலேயே விழுந்தால் ஒரு நிமிடத்தில் சலித்துவிடும். சிலவற்றைப் பீட்டுக்கு இரண்டு பிரேம் முன்னே வெட்டுங்கள், சிலவற்றை வரி முடிந்து மூச்சு இழுக்கும் இடத்தில். சரண வரி நன்றாகப் பாடப்பட்டிருந்தால் வெட்டவே வேண்டாம். எட்டு விநாடி ஒரே முகம் நின்றாலும் பார்ப்பார்கள்.

ஏற்றும் முன் டைட்டிலில் உள்ள பெயர்களை அந்தந்த ஆளிடமே காட்டி இனிஷியல் வரை சரிபாருங்கள். தோட்டக்காரருக்கும் பட்டறைக்காரருக்கும் நன்றி கார்டு போட்டு, லிங்க்கை அன்றைக்கே அனுப்பிவிடுங்கள். அடுத்த பேட்ச் மாணவர்கள் அதே கதவைத் தட்ட வேண்டியிருக்கும்.