குவாத்தமாலா மலைக்கிராமப் பள்ளியில் தன்னார்வ ஆசிரியர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நான் செய்த முதல் தவறு வகுப்பறையில் நிகழவில்லை; தங்கியிருந்த வீட்டின் பின்கட்டில் நிகழ்ந்தது. குவாத்தமாலாவில் ஏறக்குறைய எல்லாக் கிராமத்து வீடுகளிலும் ‘பிலா’ என்ற சிமெண்டுத் தொட்டி ஒன்று இருக்கும். நடுவில் தண்ணீர் தேங்கும் ஆழமான பகுதியும், பக்கத்தில் துணி துவைக்கவும் பாத்திரம் கழுவவும் வரிவரியாகச் சொரசொரப்பிட்ட ஆழமில்லாத பகுதியும் உண்டு. நான் சோப்பு நுரையோடு இருந்த கையை நடுத்தொட்டிக்குள் விட்டு அலசினேன். வீட்டுப் பெண்மணி ஒன்றும் சொல்லவில்லை. சற்று நேரங்கழித்து வந்து, தொட்டியின் அடைப்பை எடுத்துத் தண்ணீர் முழுவதையும் வெளியேற்றிவிட்டு, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவத் தொடங்கினார். அன்று குழாயில் மறுபடி தண்ணீர் வரவில்லை. நடுத்தொட்டி நீரைக் கிண்ணத்தால் மொண்டுதான் எடுக்க வேண்டும், அது வீடு முழுவதற்குமான சேமிப்பு என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

இந்தச் சம்பவத்தை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. தன்னார்வ ஆசிரியராக அங்கே செல்பவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை கெட்ட எண்ணத்தால் வருவன அல்ல. நாம் வருவதற்கு முன்பே அந்த வீடும் பள்ளியும் தமக்கென்று ஓர் ஒழுங்கோடு இயங்கிக்கொண்டிருந்தன என்பதை மறப்பதால் வருவன. அத்துடன், அந்தத் தவறுகளை யாரும் நம் முகத்துக்கு நேரே சுட்டிக்காட்டுவதில்லை. ஆகவே அவை நீண்ட நாள் தொடர்கின்றன.

நான் இருந்தது சோலோலா மாநிலத்தில், அத்தித்லான் ஏரிக்கு மேலேயுள்ள மலைச்சரிவில், கிச்செ என்ற மாயன் பழங்குடி மொழி பேசும் ஒரு சிற்றூர். மத்திய அமெரிக்கா என்றவுடன் ஸ்பானிய மொழி என்று முடிவு கட்டிவிடுவதே மிகப் பரவலான பிழை. குவாத்தமாலாவில் 22 மாயன் மொழிகள் பேசப்படுகின்றன. 2018-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 41.7 விழுக்காட்டினர் தம்மை மாயர் என்று பதிவு செய்திருக்கிறார்கள். 2003-இல் நிறைவேறிய தேசிய மொழிகள் சட்டம் இம்மொழிகளைக் கல்வியிலும் அரசுப் பணியிலும் பயன்படுத்துவதற்கு இடமளிக்கிறது. முதல் வகுப்பில் வந்து அமரும் குழந்தைக்கு ஸ்பானியமே இரண்டாம் மொழி; நாம் ஆர்வத்தோடு சுமந்து செல்லும் ஆங்கிலம் மூன்றாவது. இதை உணராமல் மூன்று மாதம் ஸ்பானியம் மட்டும் கற்றுக்கொண்டு சென்ற நான், ஆறு வயதுக் குழந்தைகளின் அமைதியைக் கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன். உண்மையில் நான் பேசியதில் பாதி அவர்களுக்கு எட்டவில்லை.

கிச்செ மொழியை முழுமையாகக் கற்றுவிட ஓராண்டு போதாது என்பது சரிதான். ஆனால் வணக்கம் சொல்லவும் நன்றி சொல்லவும் எண்களைச் சொல்லவும் கற்றுக்கொள்ளாமல் இருப்பதற்கு எந்தச் சாக்கும் இல்லை. காலையில் ‘சக்காரிக்’, நன்றிக்கு ‘மால்த்யோஷ்’ என்ற இரண்டு சொற்களே பல கதவுகளைத் திறந்தன. அடுத்ததாக, தவறாகச் சொல்லிவிடுவோமோ என்று அஞ்சிப் பேசாமலே இருந்துவிடக் கூடாது. கிச்செயில் ‘ஹா’ என்றால் வீடு. அதே சொல்லின் இறுதியில் தொண்டையைச் சட்டென்று அடைத்து நிறுத்தினால் தண்ணீர். நம் எழுத்தில் அந்த அடைப்பைக் குறிக்க வழியில்லை, என் தொண்டையிலும் அது எளிதில் வரவில்லை. ஒருநாள் வகுப்பில் குடிக்க வீடு வேண்டும் என்று கேட்டுவிட்டேன். வகுப்பே சிரித்து ஓய்ந்தபின், கடைசி வரிசைச் சிறுமி ஒருத்தி எழுந்து வந்து, தன் கழுத்தில் விரலை வைத்து எங்கே நிறுத்த வேண்டும் என்று காட்டிக்கொடுத்தாள். அதுவரை அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஸ்பானியத்தில் பேசும்போதும் இரண்டு இடங்களில் சறுக்க நேரும். புத்தகத்தில் படித்த ‘து’ என்ற ஒருமை விளி அந்த மலைப்பகுதியில் பொருந்தாது. பெரியவர்களிடம் மட்டுமன்றிப் பல வேளைகளில் சிறுவர்களிடமும் ‘உஸ்தெத்’ என்ற மரியாதை வடிவமே வழக்கம். ஆசிரியைகளைச் ‘செஞோ’ என்றும் ஆசிரியர்களைப் ‘புரொஃபே’ என்றும் அழைக்கிறார்கள். மற்றொன்று ‘ஃபீஹெசே கே’ என்ற தொடர். ‘கவனியுங்கள்’ என்பது அதன் நேர்ப்பொருள். ஆனால் பெற்றோர் கூட்டத்துக்கு வரவில்லை, அறையின் சாவி கிடைக்கவில்லை, பேருந்து இன்று இல்லை என்ற எந்தச் செய்தியும் இந்தத் தொடரோடுதான் தொடங்கும். அதைக் கேட்டவுடன் ஏன், எதற்கு என்று குறுக்கு விசாரணை செய்வது அநாகரிகமாகவே கொள்ளப்படும். பாதையில் எதிர்ப்படுபவர் ‘ஆதியோஸ்’ என்று சொன்னால் நம்மை வழியனுப்புகிறார் என்று திகைக்க வேண்டாம். நடந்தபடியே சொல்லும் வணக்கம் அது. பதில் சொல்லாமல் கடந்தால்தான் தவறு.

‘புரிந்ததா?’ என்று கேட்டால் முப்பது குழந்தைகளும் ஒரே குரலில் ‘சீ’ என்பார்கள். அந்த ‘ஆம்’ மரியாதைக்காகச் சொல்லப்படுவது. புரிந்ததா என்று கேட்பதை நான் நிறுத்திவிட்டு, செய்துகாட்டச் சொல்லத் தொடங்கிய பிறகுதான் யாருக்கு என்ன தெரியும் என்பது தெரியவந்தது. கணக்கில் இது இன்னும் தெளிவாக வெளிப்பட்டது. மாயன் எண்முறை இருபதை அடிப்படையாகக் கொண்டது. புள்ளி ஒன்றைக் குறிக்கும், கோடு ஐந்தைக் குறிக்கும், சிப்பி வடிவம் சுழியைக் குறிக்கும், இலக்கங்கள் கீழிருந்து மேலாக அடுக்கப்படும். கிச்செயில் இருபதுக்கு ‘ஹுவினாக்’ என்று பெயர். ‘வினாக்’ என்றால் மனிதர். கை விரல்களும் கால் விரல்களும் சேர்ந்தால் ஒரு முழு மனிதர். அங்குள்ள பள்ளிகளில் இதைக் கற்பிக்கிறார்கள். தெரியாமல் போய் நின்று, பத்தடிமான முறையை ஏதோ புதிதாக அறிமுகப்படுத்துவதுபோல் பேசினால், நான்காம் வகுப்புப் பிள்ளையின் முன் நாம் தான் அசடு வழிய வேண்டியிருக்கும்.

எண்ணிக் காட்டுவதற்கு எளிதாகக் கிடைக்கிறதே என்று மக்காச்சோள மணிகளைக் கொண்டுசென்றது நான் செய்த இன்னொரு பிழை. மணிகள் தரையில் சிதறின; பாடம் முடிந்ததும் பெருக்கித் தள்ளிவிடலாம் என்று விட்டுவிட்டேன். மணி அடித்த பிறகும் ஒரு சிறுவன் வெளியே போகவில்லை. பெஞ்சுகளுக்கு அடியில் தவழ்ந்து, ஒவ்வொரு மணியாகப் பொறுக்கி, ஊதித் தூசி நீக்கி, தன் தொப்பியில் சேர்த்து என்னிடம் கொடுத்தான். மனிதனே மக்காச்சோள மாவால் உருவாக்கப்பட்டவன் என்பது கிச்செ மக்களின் படைப்புத் தொன்மம். அந்தத் தானியம் கால்படக் கிடப்பதை அவர்களால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. மறுநாள் முதல் நாங்கள் கூழாங்கற்களைப் பயன்படுத்தினோம்.

குழந்தையின் உயரத்தைப் பார்த்து வயதை ஊகிப்பது வெளியிலிருந்து வரும் எல்லோரும் செய்யும் தவறு. 2014-15-இல் நடந்த தேசியத் தாய்சேய் நல ஆய்வின்படி, குவாத்தமாலாவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 46.5 விழுக்காட்டினர் நாட்பட்ட ஊட்டக்குறைவால் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். பழங்குடிப் பகுதிகளில் நிலைமை இதைவிட மோசம். ஆறு வயது என்று நினைத்து மடியில் இருத்திப் படம் காட்டிய சிறுமிக்கு ஒன்பது வயது முடிந்திருந்தது. தன்னைக் குழந்தைபோல் நடத்தியதில் அவளுக்கிருந்த வருத்தம் எனக்குப் பல நாள் கழித்தே தெரிந்தது. வருகைப் பதிவேட்டில் பிறந்த தேதி இருக்கிறது. முதல் நாளே அதைப் பார்த்துவிடுவது நல்லது.

இதோடு தொடர்புடையதுதான் இடைவேளைச் சிற்றுண்டி. ‘ரெஃபாக்சியோன்’ எனப்படும் இந்த உணவு 2017-ஆம் ஆண்டுப் பள்ளி உணவுச் சட்டத்தின்படி அரசுப் பணத்தில் வழங்கப்படுகிறது. சமைப்பவர்கள் பெரும்பாலும் தாய்மார்கள். அவர்கள் நீட்டிய ‘ஆத்தோல்’ கஞ்சியை வயிற்றுக்கு ஆகாது என்று மறுத்துவிட்டுப் பையிலிருந்து பிஸ்கட் எடுத்துத் தின்ற சக தன்னார்வலர் ஒருவரைப் பற்றி, அவர் போன பிறகும் அந்தப் பெண்கள் பேசிக்கொண்டார்கள். கொதிக்க வைத்த கஞ்சியால் ஒன்றும் ஆகிவிடாது. கவனம் தேவைப்படுவது பச்சைத் தண்ணீரில்தான்.

பள்ளியாண்டு அங்கே ஜனவரியில் தொடங்கி அக்டோபரில் முடிகிறது. நம்மில் பலர் ஜூன், ஜூலை மாதங்களைக் கணக்கிட்டு விடுப்பு எடுத்துச் செல்கிறோம், அதனால் தவறில்லை. நவம்பர், டிசம்பரில் சென்று இறங்குபவர்கள்தான் பூட்டிய பள்ளியைப் பார்க்க நேர்கிறது. அது காப்பிப் பழம் பறிக்கும் பருவமும்கூட. குடும்பத்தோடு தாழ்நிலத் தோட்டங்களுக்குக் கூலிக்குச் சென்ற பிள்ளைகள் சிலர் பிப்ரவரியில்தான் வகுப்புக்குத் திரும்புகிறார்கள். ‘இவ்வளவு நாள் எங்கே போயிருந்தாய்?’ என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்பது, அந்தக் குடும்பத்தின் வறுமையை அம்பலப்படுத்துவதற்குச் சமம். ஆகஸ்டு இறுதி முதல் செப்டம்பர் 15 விடுதலை நாள் வரை முரசுப் பயிற்சியும் தீப்பந்த ஓட்ட ஒத்திகையும் பாடவேளைகளை விழுங்கிவிடும். எரிச்சல்பட்டுப் பயனில்லை, முரசைத் தூக்கிக்கொண்டு நானும் நடந்தேன்.

இவற்றையெல்லாம்விட முக்கியமானது ஊர் ஆசிரியையோடு நமக்குள்ள உறவு. வகுப்பு அவருடையது, நாம் உதவிக்கு வந்தவர்கள். அவர் கரும்பலகையில் எழுதிப்போட்டுப் பிள்ளைகளைப் பார்த்து எழுத வைக்கும் முறை பழையது என்று நமக்குத் தோன்றலாம். ஆனால் ஒரே அறையில் மூன்று வகுப்புகளை வைத்துக்கொண்டு, நான்கு பேருக்கு ஒரு பாடநூல் என்ற நிலையில், அந்தப் பிரதியெடுத்தல்தான் பிள்ளையின் கையில் பாடநூலை உருவாக்குகிறது. அதைப் புரிந்துகொள்ளாமல் பாட்டும் விளையாட்டுமாக நான் நடத்திய முதல் மாத வகுப்புகளுக்குப் பிறகு, பிள்ளைகளின் குறிப்பேடுகள் வெறுமையாக இருந்தன. தேர்வுக்குப் படிக்க அவர்களிடம் ஒன்றும் இல்லை. அங்கே ஆசிரியர் நாள் ஜூன் 25. 1944-ஆம் ஆண்டு அதே நாளில் சர்வாதிகாரி ஹோர்ஹே ஊபிக்கோவின் ஆட்சியை எதிர்த்த ஊர்வலத்தில் சுட்டுக் கொல்லப்பட்ட மரியா சின்சில்யா என்ற ஆசிரியையின் நினைவாகக் கொண்டாடப்படுவது. ஆசிரியத் தொழிலுக்கு இப்படியொரு வரலாறு உள்ள நாட்டில், பயிற்சி ஏதுமின்றி வந்த வெளிநாட்டவர் ஒருவர் ‘நான்தான் புதிய ஆசிரியர்’ என்று அறிமுகம் செய்துகொள்வது எப்படி ஒலிக்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

படம் எடுக்கும் பழக்கத்தைப் பற்றிக் கடுமையாகவே சொல்லத் தோன்றுகிறது. குழந்தைகளின் படங்களை அனுமதியின்றி எடுப்பதும் இணையத்தில் இடுவதும் எந்த நாட்டிலும் தவறு. குவாத்தமாலாவில் அது ஆபத்தும்கூட. 2000-ஆம் ஆண்டு ஏப்ரலில், தோதோஸ் சாந்தோஸ் குச்சுமாத்தான் என்ற மலையூரில், குழந்தை கடத்த வந்தவர்கள் என்ற வதந்தியால் ஜப்பானியப் பயணி ஒருவரும் பேருந்து ஓட்டுநர் ஒருவரும் கூட்டத்தால் கொல்லப்பட்டார்கள். இதை வெறும் அறியாமை என்று தள்ளிவிட முடியாது. 2007 இறுதியில் புதிய சட்டம் இயற்றப்படும்வரை, ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குவாத்தமாலாக் குழந்தைகள் தத்து என்ற பெயரில் வெளிநாடுகளுக்கு, பெரும்பாலும் அமெரிக்காவுக்கு, கொண்டுசெல்லப்பட்டார்கள். அவற்றில் மோசடிகள் நடந்ததும் வெளிவந்தது. அதற்கும் முன்னே, 1960 முதல் 1996 வரை நீண்ட உள்நாட்டுப் போரில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர் அல்லது காணாமற்போயினர் என்று 1999-இல் உண்மை அறியும் ஆணையம் மதிப்பிட்டது; அடையாளம் காணப்பட்டோரில் 83 விழுக்காட்டினர் மாயர்கள். தெரியாத ஆள் வந்து பெயர் கேட்டு எழுதிக்கொண்டு போனால் என்ன நடக்கும் என்பதைத் தாத்தா பாட்டிகள் கண்ணால் கண்டிருக்கிறார்கள். எனவே சாப்பாட்டு வேளையில் ‘எண்பதுகளில் இங்கே என்ன நடந்தது?’ என்று ஆர்வத்தில் கேட்டுவிடக் கூடாது. அவர்களே சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். என்னிடம் ஒருவர் எட்டாவது மாதத்தில் சொன்னார், பலர் சொல்லவேயில்லை.

நன்கொடை கொடுப்பதிலும் நேர்வழி ஒன்று உண்டு. பென்சில், மிட்டாய், பணம் எதுவானாலும் நேரடியாகப் பிள்ளைகள் கையில் கொடுத்தால் மறுநாள் முதல் நாம் ஆசிரியர் அல்லர், விநியோகம் செய்பவர். ‘கோகோதே’ எனப்படும் ஊர் வளர்ச்சிக் குழு ஒவ்வொரு கிராமத்திலும் இருக்கிறது. 2002-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்தது. நூலகமோ கழிப்பறையோ செய்ய நினைப்பவர்கள் முதலில் அந்தக் குழுவிடமும் பள்ளிப் பெற்றோர் அமைப்பிடமும் பேச வேண்டும். பேசாமல் வாங்கி வைத்த கணினிகள் பெட்டி பிரிக்கப்படாமல் கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

சில்லறை விஷயங்கள் இரண்டு. வெப்பமண்டல நாடு என்று எண்ணிக் கம்பளி இல்லாமல் செல்லாதீர்கள். இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் ஜனவரி இரவுகள் எலும்பை உலுக்கும். அடுத்து, குவாத்தமாலா, ஹோண்டுராஸ், எல் சல்வதோர், நிக்கராகுவா ஆகிய நான்கு நாடுகளும் சேர்ந்து 90 நாள் தங்கும் அனுமதியைப் பொதுவாகக் கணக்கிடுகின்றன. எல்லை தாண்டி ஹோண்டுராஸ் போய்த் திரும்பினால் கணக்கு மறுபடி தொடங்கும் என்று நம்பி அபராதம் கட்டியவர்கள் உண்டு.

கிளம்பும்போது செய்யும் தவறு திரும்பி வருவதாக வாக்களிப்பது. பிள்ளைகள் ‘எப்போது வருவீர்கள்?’ என்று கேட்கத்தான் செய்வார்கள். அடுத்த ஆண்டு என்று சொல்லிவிட்டுப் போன முந்தைய தன்னார்வலர்களின் பெயர்களை அவர்கள் வரிசையாகச் சொன்னதைக் கேட்ட பிறகு எனக்கு அந்தச் சொல் வாயில் வரவில்லை. போகும் தேதியை ஒரு மாதம் முன்பே சொல்லிவிட்டேன். நடத்திய பாடங்கள், யார் எந்தக் கணக்கில் தடுமாறுகிறார், யாருக்குக் கரும்பலகை தெரிவதில்லை என்பவற்றையெல்லாம் ஸ்பானியத்தில் எழுதி ஆசிரியையிடம் கொடுத்தேன். அவர் அங்கேயே நின்று படித்து, மூன்று இடங்களில் என் எழுத்துப்பிழையைத் திருத்திவிட்டு, அலமாரியில் வருகைப் பதிவேட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.